டாக்டர் தூரத்துல இருக்காரு, பிள்ளைக்கு மூச்சு வாங்குது: கிராம ஹெல்த் வொர்க்கர்கள் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஆஸ்பத்திரி தூரமா இருக்கற கிராமங்கள்ல, அதே ஊர்க்காரங்க ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, ட்ரெய்னிங் குடுத்து, சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற சில நோய்களுக்கு அவங்களையே மருந்து குடுக்க வைக்கிற ஏற்பாடு ஆசியா, ஆப்பிரிக்கான்னு நிறைய நாடுகள்ல இருக்கு. இதுல பெத்தவங்களுக்கு சில சந்தேகம், புதுசா இந்த வேலைக்கு வந்தவங்களுக்கு வேற சந்தேகம், ரெண்டு பேருக்குமானது இங்க கலந்து இருக்கு. மருந்து அளவும் விதிமுறையும் நாட்டுக்கு நாடு மாறும், அதனால உங்க நாட்டு சுகாதாரத்துறை குடுத்த கையேடு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு.

இவங்க யாரு, டாக்டரா நர்ஸா?

ரெண்டும் இல்ல. ஊர்லயே இருக்கறவங்க, பெரும்பாலும் பெண்கள், பள்ளிக்கூடம் ஓரளவு படிச்சவங்க. இந்தியால ஆஷா (2005-ல தொடங்கினது), பாகிஸ்தான்ல லேடி ஹெல்த் வொர்க்கர் (1994), நேபாளத்துல பெண் தன்னார்வலர்கள் (1988), எத்தியோப்பியால ஹெல்த் எக்ஸ்டென்ஷன் வொர்க்கர்னு ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு பேரு. வேலையும் ஒண்ணு போல இருக்காது, சில இடத்துல மருந்து குடுக்க அனுமதி உண்டு, சில இடத்துல ஓ.ஆர்.எஸ். (வயித்துப்போக்குக்குக் குடுக்கற உப்பு சர்க்கரைத் தண்ணிக்கான பொடி) பாக்கெட்டோட சரி. எத்தியோப்பியால ஒரு வருஷம் படிக்க வச்சு சம்பளத்துக்கு எடுக்கறாங்க, பாகிஸ்தான்ல மூணு மாசம் வகுப்பு, அப்புறம் ஒரு வருஷம் வேலை பார்த்துக்கிட்டே பயிற்சி. குழந்தை நோய்க்கான பகுதி மட்டும்னு பார்த்தா உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட பாடத்திட்டம் ஒரு வாரத்துக்குப் பக்கமா வரும்.

ஒரு வாரத்துல என்னத்தக் கத்துக்க முடியும்? டாக்டருக்கு அஞ்சு வருஷம் படிக்கணுமே?

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, கேக்க வேண்டிய கேள்விதான். பதில் என்னன்னா, இவங்க வைத்தியம் முழுக்கக் கத்துக்கறதில்ல, நாலஞ்சு விஷயத்தைக் கத்துக்கறாங்க, ஆனா அந்த நாலஞ்சும் ஒரு தடவை கூடத் தப்பாம செய்யணும். மூச்சு எண்ணணும், ஓ.ஆர்.எஸ். கலந்து குடுக்கணும், மலேரியா இருக்கற பகுதின்னா கார்டு டெஸ்ட் எடுக்கணும், சத்துக்குறைவு இருக்கான்னு கையில டேப் சுத்திப் பார்க்கணும், அப்புறம் எந்தக் குழந்தையைத் தன் கையில வச்சுக்கக் கூடாதுன்னு தெரியணும். கடைசியாச் சொன்னதுதான் கஷ்டம். நிறைய பேருக்கு மருந்து குடுக்கறது சுலபமா வந்துடும், "இது என் வேலை இல்ல, இப்பவே கிளம்புங்க"ன்னு சொல்ற தைரியம் வர்றதுக்குத்தான் நாளாகும்.

ஒரு வார வகுப்போட விட்டுட்டா மறந்துடுவாங்கங்கறதும் உண்மை. அப்பப்ப சூப்பர்வைசர் வந்து கூட உக்காந்து ஒரு நோயாளிக் குழந்தையைப் பார்க்கறதை கவனிக்கணும். ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போற சூப்பர்விஷன் எதுக்கும் ஆகாது.

எந்தெந்த நோய், எந்த வயசு?

ரெண்டு மாசம் முடிஞ்சதுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும். நிமோனியா, வயித்துப்போக்கு, மலேரியா இந்த மூணும்தான் முக்கியம், கூடவே கடுமையான சத்துக்குறைவைக் கண்டுபிடிக்கறது. ஏன் இந்த மூணுன்னா, பிறந்து ஒரு மாசம் தாண்டின பிள்ளைங்களைக் கொல்ற தொத்து நோய்கள்ல இதுங்கதான் முன்னாடி நிக்குது, மூணுக்குமே வாய் வழியா குடுக்கற, விலை கம்மியான மருந்து இருக்கு, மூணையும் லேப் இல்லாமலே ஓரளவு கண்டுபிடிச்சுடலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல நிமோனியாவுக்கு இப்படி ஊருக்குள்ளேயே மருந்து குடுக்கலாம்னு கூட்டறிக்கை விட்டாங்க, 2012-ல மூணையும் ஒண்ணா சேர்த்து செய்யணும்னு இன்னொண்ணு.

ஒரே குழந்தைக்கு ரெண்டு நோய் சேர்ந்து வர்றது சகஜம், அதனால இருமலுக்குன்னு கூட்டிட்டு வந்தாலும் வயித்துப்போக்கு இருக்கா, காய்ச்சல் எத்தனை நாளா, எல்லாத்தையும் கேட்டே ஆகணும்.

ஸ்டெதஸ்கோப் கூட இல்லாம நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?

மூச்சை எண்ணித்தான். நுரையீரல்ல கிருமி புகுந்து அது விறைச்சுப் போகும்போது குழந்தையால ஆழமா மூச்சிழுக்க முடியாது, அதை ஈடுகட்ட வேகமா இழுக்கும். ஃப்ராங்க் ஷான்ங்கற குழந்தை மருத்துவரும் அவர் கூட இருந்தவங்களும் பாப்புவா நியூ கினியில வேலை பார்த்தப்ப, எக்ஸ்ரே வசதி இல்லாத இடத்துல இந்த வேகத்தை வச்சே பிரிச்சுடலாம்னு 1980-கள்ல காட்டினாங்க. அதுல இருந்துதான் இப்ப இருக்கற கணக்கு வந்துச்சு.

2 மாசம் முடிஞ்சு ஒரு வயசு ஆகாத குழந்தைன்னா நிமிஷத்துக்கு 50 அல்லது அதுக்கு மேல. ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரை 40 அல்லது அதுக்கு மேல. இதோட இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தா நிமோனியான்னு எடுத்துக்கிட்டு மருந்து ஆரம்பிக்கலாம். 2 மாசத்துக்குக் கீழ இருக்கற பச்சக் குழந்தைக்கு 60, ஆனா அந்தக் குழந்தைக்கு இங்க மருந்து கிடையாது, நேரா அனுப்பணும்.

கேக்க ரொம்ப சுலபமா இருக்குல்ல, செஞ்சு பார்த்தாதான் தெரியும். குழந்தை அழுதா எண்ணிக்கை பொய், பால் குடிச்சுக்கிட்டு இருந்தாலும் பொய். அம்மா மடியில உக்கார வச்சு, சட்டையை மெதுவா மேல தூக்கிட்டு, வயிறோ நெஞ்சோ எது நல்லா ஏறி இறங்குதோ அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், வெளிச்சம் பத்தலேன்னா வாசல் பக்கம் நகர்ந்து உக்காரச் சொல்லணும். ஏறி இறங்கினா ஒண்ணு. ஏறினது ஒண்ணு இறங்கினது ஒண்ணுன்னு எண்ணி 80, 90-னு எழுதினவங்களையும் ட்ரெய்னிங்ல பார்க்கலாம். முழு ஒரு நிமிஷம் எண்ணணும், பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கறது கூடாது, ஏன்னா சின்னப் பிள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது, கொஞ்ச நேரம் வேகமா போகும், கொஞ்சம் நிக்கும், அந்தப் பதினஞ்சு செகண்ட்ல தப்பின ஒண்ணு பெருக்கினதும் நாலா ஆயிடும். வாட்சையும் நெஞ்சையும் மாறி மாறி பார்த்தா விட்டுப்போகும்னுதான் ஒரு நிமிஷம் ஆனதும் பீப் அடிக்கற டைமர் குடுக்கறாங்க. 49, 50-னு எல்லையில வந்தா திரும்ப ஒரு தடவை எண்ணுங்க, யாரும் அவசரப்படுத்தல.

நெஞ்சு உள்ள இழுக்குதுன்னு சொல்றாங்களே, அது என்ன?

மூச்சை உள்ள இழுக்கும்போது நம்ம நெஞ்சு வெளிய விரியும். மோசமான நிமோனியால, விலா எலும்புக்குக் கீழ்ப்பகுதி, அதாவது நெஞ்சும் வயிறும் சேர்ற இடம், மூச்சு இழுக்கும்போது உள்ள போகும். ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி இருக்கணும், குழந்தை அமைதியா இருக்கும்போது இருக்கணும். கழுத்துக்குக் கீழ மட்டும் லேசா குழி விழறது, விலா எலும்புக்கு நடுவுல மட்டும் உள்ள போறது இதெல்லாம் இந்தக் கணக்குல சேராது.

இது தெரிஞ்சா பெரும்பாலான திட்டங்கள்ல முதல் டோஸ் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆனா பாகிஸ்தான்ல ஹரிப்பூர் மாவட்டத்துல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க, 2011-ல வெளிவந்துச்சு. இப்படி நெஞ்சு உள்ள இழுக்கற பிள்ளைங்களுக்கு லேடி ஹெல்த் வொர்க்கரே வீட்டுல அமாக்சிசிலின்ங்கற ஆன்டிபயாடிக்கை முழுசா குடுத்த ஊர்கள்ல, மருந்து பலிக்காம போனது 9 சதவீதம். முதல் டோஸ் மட்டும் குடுத்து அனுப்பின ஊர்கள்ல 18. நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது எப்பவுமே மேல்னு நாம நினைக்கிறோம், ஆனா போய்ச் சேர்றதுக்கு ஆகற நேரமும், போகாமலே விட்டுடறதும் அந்தக் கணக்குல வருது பாருங்க. அதுக்காக இப்ப வேலை பாக்கறவங்க தானா முடிவெடுத்து வீட்டுல வச்சுக்கலாம்னு அர்த்தம் இல்ல, உங்க கையேடு அனுப்புன்னு சொன்னா அனுப்பத்தான் வேணும்.

மருந்து என்ன, சிரப்பா மாத்திரையா?

தண்ணியில கரையற அமாக்சிசிலின் மாத்திரை. சிரப் பாட்டிலைத் தூக்கிட்டுப் போறது கஷ்டம், கலந்துட்டா சீக்கிரம் கெட்டுடும், ஸ்பூன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். மாத்திரைன்னா வயசுக்கு இத்தனைன்னு அட்டையிலயே படம் போட்டிருக்கும், ஒரு ஸ்பூன் தண்ணியில, இல்லேன்னா தாய்ப்பால்லயே போட்டா கொஞ்ச நேரத்துல கரைஞ்சுடும். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அஞ்சு நாள்ங்கறது பல நாட்டுக் கையேட்டுல இருக்கு, சில இடத்துல மூணு நாள்.

முதல் டோஸை அங்கயே, ஹெல்த் வொர்க்கர் கண் முன்னாடி அம்மா கையாலதான் குடுக்கணும். நீங்க குடுத்துக் காட்டினா "சரிங்க, புரிஞ்சுது"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, வீட்டுக்குப் போனதும் மாத்திரையை அப்படியே வாய்ல போடப் பார்ப்பாங்க, பிள்ளை துப்பிடும். அவங்க கையால கரைச்சுக் குடுக்கும்போதுதான் எங்க தடுமாறுறாங்கன்னு தெரியும். அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அதே டோஸ் திரும்ப. அப்புறம் "எத்தனை நாள் குடுப்பீங்க, ரெண்டாம் நாளே நல்லாயிட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டு அவங்க வாயால பதில் வரணும். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா யாருமே இல்லேன்னு சொல்ல மாட்டாங்க.

இப்படி எல்லார் கையிலயும் ஆன்டிபயாடிக் குடுத்தா கிருமிக்கு மருந்து பிடிக்காம போயிடாதா?

நியாயமான பயம். ஆனா ஹெல்த் வொர்க்கர் இல்லாத ஊர்ல ஆன்டிபயாடிக் இல்லாம இருக்குன்னு யார் சொன்னது, மருந்துக்கடையில ரெண்டு மாத்திரை அரை மாத்திரைன்னு சாதாரண சளிக்கெல்லாம் வாங்கிக் குடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. ஒழுங்கா மூச்சு எண்ணினா இருமலோட வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லன்னுதான் முடிவு வரும், அதுங்களுக்கு வெறும் ஜலதோஷம். மூச்சு வேகமா இருந்தும் வைரஸாவே இருக்கற பிள்ளைங்களும் இதுல மாட்டும், இல்லேன்னு சொல்ல முடியாது. இந்த முறை கொஞ்சம் அதிகமா மருந்து குடுத்தாலும் பரவாயில்ல, நிமோனியாவைத் தவற விட்டுடக் கூடாதுன்னு தெரிஞ்சே வச்ச முறை.

வயித்துப்போக்குக்கு ஏன் நிக்கற மாத்திரை குடுக்க மாட்டேங்கறாங்க?

பெரியவங்க சாப்பிடற அந்த மாத்திரை குடலோட அசைவை நிறுத்தும், சின்னப் பிள்ளைக்கு அது ஆபத்து, வயிறு உப்பிக்கும். போக்கை நிறுத்தறது இங்க நோக்கமே இல்ல. பிள்ளை சாகறது போக்கால இல்ல, உடம்புல தண்ணியும் உப்பும் வத்திப் போறதால. போன தண்ணியைத் திரும்ப உள்ள அனுப்பினா போக்கு அதுபாட்டுக்கு சில நாள்ல நின்னுடும். ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலான வயித்துப்போக்குக்கு வேண்டாம். மலத்துல ரத்தம் இருந்தா கதை வேற, அந்தக் குழந்தையை அனுப்பிடணும்.

வெறும் உப்பு சர்க்கரைத் தண்ணி எப்படி வேலை செய்யும்?

குடல் சுவர்ல உப்பும் குளுக்கோஸும் ஜோடியா சேர்ந்து உள்ள போற வழி ஒண்ணு இருக்கு, வயித்துப்போக்கு நேரத்துலயும் அந்த வழி அடைபடாது, அதுங்க போகும்போது பின்னாலயே தண்ணியும் போகும். 1971-ல வங்கதேசப் போர் சமயத்துல எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த அகதிகள் முகாம்ல காலரா பரவுச்சு, மேற்கு வங்கத்துல பொங்காவ்ன்னு ஒரு ஊர், நரம்புல ஏத்தற சலைன் தீர்ந்துக்கிட்டே இருக்கு. திலீப் மஹலனாபிஸ்ங்கற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல கரைச்சு வச்சு, கூட வந்த சொந்தக்காரங்களையே வாய் வழியா குடுக்கச் சொன்னாரு. 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழ இறங்குச்சு. டாக்டர் இல்லாதவங்க கையால குடுத்தா நடக்குமாங்கற கேள்விக்கு அங்கயே பாதி பதில் வந்துடுச்சு.

இப்ப வர்ற பாக்கெட்ல உப்பும் குளுக்கோஸும் பழைய கலவையை விடக் கம்மி, இதனால வாந்தியும் போக்கும் குறையுதுன்னு 2000-களோட தொடக்கத்துல மாத்தினாங்க. ஒரு லிட்டருக்கான பாக்கெட்ல மொத்தம் 20.5 கிராம் இருக்கும். இதை அரை லிட்டர்ல கலந்தா உப்பு அதிகமாகி பிள்ளைக்குக் கெடுதல், ரெண்டு லிட்டர்ல கலந்தா பிரயோஜனம் இல்ல, அதனால வீட்டுல இருக்கற எந்தப் பாத்திரம் ஒரு லிட்டர்னு அளந்து காட்டிட்டு வரணும். சின்ன பாக்கெட்டும் இருக்கு, எழுதியிருக்கறதைப் பார்த்துக் கலக்குங்க. கலந்தது 24 மணி நேரம்தான், மிச்சம் இருந்தா கொட்டிடுங்க.

எவ்வளவு குடுக்கணும், குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்குதே?

ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போனதும் 50-ல இருந்து 100 மி.லி., அதுக்கு மேலன்னா 100-ல இருந்து 200. ஸ்பூன்லயோ டம்ளர்லயோ கொஞ்சம் கொஞ்சமா. தாகத்துல மடக் மடக்னு குடிச்சா வாந்திதான் வரும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு திரும்ப இன்னும் மெதுவா ஆரம்பிக்கணும், "குடுத்துப் பார்த்தேன், நிக்கல"ன்னு விட்டுடறதுதான் பெரிய தப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்னு பட்டினி போடறதால குழந்தை இன்னும் இளைச்சு அடுத்த நோய்க்குத் தயாராயிடும்.

கூடவே ஜிங்க் மாத்திரை, ஆறு மாசத்துக்கு மேலன்னா தினம் 20 மி.கி., கீழன்னா 10 மி.கி., 10-ல இருந்து 14 நாள். போக்கு மூணாம் நாளே நின்னுடும், அப்புறமும் எதுக்குன்னு கேப்பாங்க. ஜிங்க் இந்தத் தடவைப் போக்கைச் சீக்கிரம் முடிக்கறதோட, அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குத் திரும்ப வர்றதையும் குறைக்குது. அதைச் சொன்னா முழுசா குடுக்கறாங்க.

உடம்புல தண்ணி வத்திடுச்சுன்னு எப்படித் தெரியும்?

கண்ணு உள்ள போயிருக்கும், ஆசையா ஆசையா குடிக்கும், எரிச்சலா அழுதுக்கிட்டே இருக்கும். வயித்துத் தோலை ரெண்டு விரலால இழுத்து விட்டா மெதுவா திரும்பும். ரெண்டு செகண்டுக்கு மேல ஆச்சுன்னா ரொம்ப மோசம். குடிக்கவே தெம்பு இல்லாம துவண்டு கிடந்தா அதுக்கு மேல எண்ணிக்கிட்டு நிக்க வேண்டாம், போற வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டே கொண்டு போகச் சொல்லுங்க, மயக்கமா இருந்தா வாய்ல எதுவும் ஊத்தக் கூடாது.

காய்ச்சல்னாலே மலேரியா மாத்திரை குடுத்துடலாமா?

முன்னாடி அப்படித்தான் குடுத்தாங்க. 2010-ல இருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்றது, டெஸ்ட் பண்ணிட்டுத்தான் குடுக்கணும். விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம், கார்டுல விட்டு, மேல சில சொட்டு திரவம், கார்டுல போட்டிருக்கற நேரம் (15 நிமிஷம், சிலதுக்கு 20) கழிச்சுப் படிக்கணும். அஞ்சு நிமிஷத்துல ஒரு கோடுதான் தெரியுதுன்னு இல்லேன்னு சொல்லிடக் கூடாது, ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்து ரெண்டு கோடு தெரியுதுன்னும் சொல்லக் கூடாது. கன்ட்ரோல் கோடே வரலேன்னா அந்தக் கார்டு வீண், இன்னொண்ணு எடுங்க.

கஷ்டமான விஷயம் டெஸ்ட் இல்லேன்னு வந்தப்பறம்தான். அம்மா முகத்தைப் பார்த்துட்டு "எதுக்கும் இருக்கட்டும்"னு மாத்திரையை நீட்டத் தோணும். நீட்டிட்டா பிள்ளைக்கு உண்மையா என்னன்னு யாரும் தேட மாட்டாங்க. மூச்சை எண்ணுங்க, வேற அறிகுறி பாருங்க, ஒண்ணும் இல்லேன்னா காய்ச்சல் மருந்து குடுத்து திரும்ப வரச் சொல்லுங்க. மலேரியாவே இல்லாத பகுதியில இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

எப்ப ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது?

இதை மட்டும் தனியா எழுதி ஒட்டி வச்சுக்கலாம், பெத்தவங்களும்:

- பால் குடிக்கவோ தண்ணி குடிக்கவோ முடியல
- எது குடுத்தாலும் எல்லாத்தையும் வாந்தி எடுக்குது
- வலிப்பு (ஜன்னி) வந்துச்சு
- எழுப்பினாலும் சரியா முழிக்கல, துவண்டு கிடக்குது
- மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ள போகுது
- மலத்துல ரத்தம்
- ரெண்டு பாதமும் வீங்கியிருக்கு, இல்ல டேப்ல சிவப்பு

இது தவிர இருமலோ வயித்துப்போக்கோ 14 நாளைத் தாண்டினாலும், காய்ச்சல் 7 நாளா விடாம இருந்தாலும் அனுப்பணும், அது ராத்திரியோட ராத்திரியா ஓட வேண்டிய விஷயம் இல்ல, ஆனா தள்ளிப்போடக் கூடாது.

டேப்னு சொன்னீங்களே?

மேல்கையோட சுத்தளவு பார்க்கற நாடா. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவுல, இறுக்காம தொங்கவும் விடாம சுத்தணும். 115 மில்லிமீட்டருக்குக் கீழ சிவப்பு, 125-க்குக் கீழ மஞ்சள், மேல பச்சை. எடை மெஷின் தூக்கிட்டுத் திரிய வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூடப் பார்த்துடலாம், சில நாடுகள்ல அம்மாக்கள் கையிலயே குடுத்துட்டாங்க.

பிறந்த குழந்தைக்கு மட்டும் ஏன் மருந்து குடுக்க மாட்டாங்க?

ரெண்டு மாசத்துக்குக் கீழ நோய் சில மணி நேரத்துல முத்திடும், அறிகுறியும் சரியா தெரியாது. காய்ச்சல் இல்லாம உடம்பு சில்லுன்னு ஆகறதே ஆபத்தா இருக்கலாம். அதனால பொதுவா உடனே அனுப்பறதுதான். ஆனா அனுப்பவே வழியில்லாத இடத்துல என்ன பண்றதுன்னு மகாராஷ்டிராவோட கட்சிரோலில அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி முயற்சி பண்ணினாங்க, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி குடுத்து வீடு வீடா போய் பச்சக் குழந்தைங்களைப் பார்க்க வச்சு, தேவைப்பட்டா ஊசி ஆன்டிபயாடிக் கூட அவங்களையே போட வச்சாங்க. பிறந்த குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைஞ்சதுன்னு 1999-ல எழுதினாங்க. இந்தியால ஆஷாக்கள் பிறந்த வீட்டுக்கு வந்து பார்க்கற திட்டம் அதுல இருந்து வந்ததுதான், ஊசி மட்டும் அவங்க கைக்கு அந்த அளவுக்கு வரல.

போகச் சொன்னாலும் குடும்பம் போக மாட்டேங்குது, என்ன பண்ண?

"போங்க"ன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறதுதான் பிரச்சனை. அவங்க ஏன் போகலேன்னு கேளுங்க: வண்டிக்குக் காசு இல்ல, வீட்டுல இன்னும் ரெண்டு பிள்ளைங்களை யார் பார்ப்பா, முடிவெடுக்க வேண்டியவர் வீட்டுல இல்ல, போன தடவை போனப்ப அங்க திட்டி அனுப்பினாங்க. ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற. வண்டிக்காரர் நம்பரைக் கையில வச்சிருக்கணும், பக்கத்து வீட்டுல பிள்ளைங்களை விட்டுட்டுப் போக நீங்களே பேசிக் குடுக்கலாம். குழந்தை பேர், என்ன பார்த்தீங்க, என்ன மருந்து எப்ப குடுத்தீங்கன்னு சீட்டு எழுதிக் குடுங்க, முடிஞ்சா ஹெல்த் சென்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க, சீட்டோட போனா அங்க நிக்க வைக்கறது குறையும். கையேடு முதல் டோஸ் குடுக்கச் சொல்ற பிள்ளைன்னா, அதைக் குடுக்காம அனுப்பாதீங்க. மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்க.

மருந்து தீர்ந்து போச்சுன்னா?

இந்தத் திட்டங்கள் படுத்துடற இடம் இதுதான், ட்ரெய்னிங்கை விட இதைப் பத்திதான் எனக்குக் கவலை. ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க, இவங்க மூச்சைச் சரியா எண்ணி நிமோனியான்னு சரியா கண்டுபிடிச்சு, "மருந்து இல்லம்மா"ன்னு சொல்றாங்க. அடுத்த தடவை அந்த அம்மா வர மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்கும் சொல்லிடுவாங்க, அப்புறம் ஸ்டாக் வந்து சேர்ந்தாலும் பெட்டிக்குள்ளயே காலாவதி ஆகும். மேல இருக்கறவங்க ரிப்போர்ட்ல "சேவையைப் பயன்படுத்தறவங்க குறைவு"ன்னு எழுதி, மக்களுக்கு விழிப்புணர்வு பத்தலேன்னு முடிச்சுடுவாங்க.

நம்ம கையில இருக்கறது என்னன்னா, மிச்சம் இவ்வளவு வந்ததும் கேட்டுடணும்னு ஒரு அளவு வச்சுக்கறது, காலியாகற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இல்லாத நாள்ல ஓ.ஆர்.எஸ்.-க்குப் பதிலா வீட்டுலயே ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி, கலந்து ஓட்டலாம். நிமோனியா மருந்துக்கு அப்படி மாற்று கிடையாது, அனுப்பத்தான் வேணும். ஒரு வயசுக் குழந்தைக்கு வேண்டிய மாத்திரையைப் பாதியாக்கி ரெண்டு குழந்தைக்குப் பங்கு போடறது இரக்கம்னு தோணும், ரெண்டு பேருக்கும் பலிக்காது.

இதனால நிஜமாவே சாவு குறைஞ்சிருக்கா?

நிமோனியாவை ஊருக்குள்ளயே கண்டுபிடிச்சு மருந்து குடுத்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2003-ல கணக்குப் பார்த்தப்ப அஞ்சு வயசுக்குள்ள நிமோனியா சாவு 36 சதவீதமும் மொத்தச் சாவு 24 சதவீதமும் குறைஞ்சிருந்துச்சு. ஆனா பெரிய அளவுல அவசரமா விரிச்சப்ப அதே பலன் வரல. எத்தியோப்பியா, புர்கினா ஃபாசோ, மலாவி மூணுலயும் 2016 வாக்குல வந்த மதிப்பீடுகள்ல, திட்டம் இருந்த பகுதிக்கும் மத்த பகுதிக்கும் சாவு எண்ணிக்கையில தெளிவான வித்தியாசம் தெரியல. எத்தியோப்பியாவுலயும் புர்கினாலயும் ரொம்பக் கம்மியான குழந்தைங்கதான் இவங்க கிட்ட வந்திருக்கு. மருந்து வேலை செய்யலங்கறதில்ல, மருந்து வரைக்கும் பிள்ளை வரல. இதைத் தோல்வின்னு தூக்கிப் போடறவங்களும் தப்பு, பழைய 36 சதவீதத்தையே எல்லா மேடையிலயும் சொல்றவங்களும் தப்பு.

இவங்களுக்குச் சம்பளம் உண்டா?

நிறைய இடத்துல இல்ல, ஊக்கத்தொகைன்னு ஏதோ குடுப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2018-ல விட்ட வழிகாட்டுதல்ல வேலைக்கேத்த பணம் குடுக்கணும், ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவுன்னு எண்ணிக் குடுக்கறதை மட்டுமே நம்ப வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. எண்ணிக் குடுத்தா பணம் வர்ற வேலை மட்டும் நடக்கும், ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டறவங்களுக்கு யார் எழுந்து வருவாங்க? சேவைன்னு சொல்லிச் சொல்லியே பொம்பளைங்க உழைப்பை இலவசமா வாங்கற பழக்கம் இது, வேற பேர் வைக்கத் தோணல.

ஊசி போடலேன்னா வைத்தியமே இல்லேன்னு நினைக்கறாங்களே?

அவங்க கூட வாதாடிப் பிரயோஜனம் இல்ல. எண்ணினதைக் காட்டுங்க: "பாருங்க, நிமிஷத்துக்கு 54, அதனாலதான் இந்த மருந்து, மூணாம் நாள் வந்து திரும்ப எண்ணுவோம்." மூணாம் நாள் அந்த அம்மா முன்னாடியே எண்ணி 38-னு வந்தா அதுக்கு மேல நீங்க எதுவும் பேச வேண்டியதில்ல. எண்ணிக்கை குறையலேன்னா, இல்ல பிள்ளை இன்னும் சோர்ந்திருந்தா, மூணாம் நாள்தான் அனுப்பற நாளும்.

எங்க ஊர்ல இப்படி யாரும் இல்ல, நாங்களே மூச்சு எண்ணி மருந்து வாங்கிக் குடுக்கலாமா?

எண்ணலாம், மருந்து வாங்கிக் குடுக்காதீங்க. எண்ணத் தெரிஞ்சா எப்பக் கிளம்பணும்னு தெரியும், அது போதும். வயித்துப்போக்குன்னா ஓ.ஆர்.எஸ். யாரும் சொல்லற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முதல் தடவை தண்ணியா போனதுமே ஆரம்பிச்சுடுங்க.